வேப் விதிகள் மாறுகின்றன: சிகரெட்டை விட்டவர் என்ன செய்ய வேண்டும்?

இலண்டனில் வசிக்கும் ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. இருபது ஆண்டுகளாக நாளுக்கு ஒரு பாக்கெட் சிகரெட் பிடித்து வந்தவர், 2023-இல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் வேப்புக்கு (நிகோடின் திரவத்தைச் சூடாக்கி ஆவியாக இழுக்கும் மின்கருவி) மாறி, சிகரெட்டை அடியோடு விட்டார். 2025 ஜூனில் அந்த வகை வேப் தடைசெய்யப்பட்டதும் வேறொரு கருவிக்கு மாறினார், அது ஒத்துவரவில்லை, இப்போது நாளுக்கு இரண்டு மூன்று சிகரெட் மறுபடியும் சேர்ந்துவிட்டது. 2026 அக்டோபரில் வேப் திரவத்துக்கு வரி வருகிறது, சுவைகளுக்கும் கட்டுப்பாடு வரலாம் என்கிறார்கள். “இத்தனை தொல்லைக்குப் பழையபடி சிகரெட்டுக்கே போய்விடலாமா? வரி வருவதற்கு முன் ஆறு மாதத்துக்கு வாங்கி வைத்துக்கொள்ளலாமா? அல்லது இரண்டையும் ஒரேயடியாக விட்டுவிட வேண்டுமா? இரண்டும் ஒரே விஷம்தான் என்கிறார் என் மனைவி. டிசம்பரில் சென்னைக்குப் போகிறேன், அங்கே என்ன செய்வது?”

சிகரெட்டுக்குத் திரும்ப வேண்டாம். ஆறு மாதச் சரக்கை வாங்கி அடுக்கவும் வேண்டாம். இப்போது உங்கள் உடலுக்கு மிகப் பெரிய கேட்டைச் செய்துகொண்டிருப்பது மறுபடி சேர்ந்துகொண்ட அந்த இரண்டு மூன்று சிகரெட்டுத்தான். முதல் வேலை அவற்றை நிறுத்துவது. அதற்கு வேப்பில் நிகோடின் போதவில்லை என்றால் தயங்காமல் கூட்டிக்கொள்ளுங்கள். வேப்பையும் விடுவது அதற்கு அடுத்த வேலை; அதற்கான நாளை நீங்களே குறிக்க வேண்டும், சட்டம் குறிக்கும்படி விட்டுவிடக் கூடாது. பல ஆண்டுகளாக இலண்டனில் ஒரு மருந்தகத்தில், புகையை விட விரும்புவோருக்கு ஆலோசகராக இருக்கிறேன். விதி மாறும்போது கடைத்தட்டில் உள்ள பொருள் ஒரே நாளில் மாறிவிடுகிறது; அந்தப் பொருளைப் பிடித்துக்கொண்டு சிகரெட்டிலிருந்து கரையேறியவரின் உடலும் மனமும் அந்த வேகத்தில் மாறுவதில்லை. சிகரெட் மறுபடி நுழைவது அந்த இடைவெளியில்தான். உங்களுக்கு நேர்ந்திருப்பதும் அதுவே. இதை மனவுறுதிக் குறைவு என்று எண்ணி நொந்துகொள்ள வேண்டியதில்லை.

நடந்தது என்ன என்பதைச் சற்றுத் தெளிவாகப் பார்ப்போம். 2025 ஜூன் 1 அன்று பிரிட்டன் முழுவதும் நடைமுறைக்கு வந்த சட்டம் வேப்பைத் தடைசெய்யவில்லை. மின்னேற்ற முடியாத, அல்லது திரவம் மறுபடி நிரப்ப முடியாத கருவிகளை விற்பதையும் விற்பனைக்காக வைத்திருப்பதையும்தான் அது குற்றமாக்கியது. பயன்படுத்துபவருக்குத் தண்டனை ஏதும் கிடையாது. இதற்கு இரண்டு காரணங்கள் சொல்லப்பட்டன. மெட்டீரியல் ஃபோகஸ் என்ற மறுசுழற்சி அமைப்பு 2023-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வாரந்தோறும் ஏறத்தாழ 50 லட்சம் ஒருமுறை வேப்புகள் குப்பையில் எறியப்பட்டன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு லித்தியம் பேட்டரி இருந்தது, குப்பை வண்டிகளில் தீப்பிடிப்பதற்கு அவை காரணமாயின. மற்றொன்று பிள்ளைகள். 18 வயதுக்குட்பட்டவருக்கு வேப் விற்பது முன்பே குற்றம்தான் என்றாலும், ஐந்து பவுண்டு விலையில் மிட்டாய் நிறத்தில் கிடைத்த ஒரு பொருள் பள்ளிப் பைக்குள் போய்ச் சேர்வதைத் தடுக்க முடியவில்லை. இரண்டுமே நியாயமான காரணங்கள் என்றுதான் நான் கருதுகிறேன்.

ஆனால் உங்களைப் போன்றவர்கள் சிகரெட்டை விட்டது அதே கருவியால்தான். பொத்தான் இல்லை, நிரப்பும் வேலை இல்லை, வாயில் வைத்து இழுத்தால் போதும். இழுவை சிகரெட்டைப் போலவே இறுக்கமாக இருக்கும். உள்ளே 2 மி.லி. திரவம், அதில் ஒவ்வொரு மி.லி.யிலும் 20 மி.கி. நிகோடின். 2016-ஆம் ஆண்டு விதிகள் பிரிட்டனில் அனுமதிக்கும் உச்ச அளவு அது. போதாததற்கு அது நிகோடின் சால்ட் வகை. தொண்டையை அதிகம் உறுத்தாமல் விரைவாக ஏறும். தடை வருவதற்கு முன்பே எல்ஃப் பார், லாஸ்ட் மேரி போன்ற பிராண்டுகள் அதே உருவத்தில், மின்னேற்றும் துளையும் ‘பாட்’ எனப்படும் மாற்றக்கூடிய திரவக் குப்பியும் கொண்ட கருவிகளைக் கடைக்குக் கொண்டுவந்துவிட்டன. அவற்றுக்கு மாறியவர்கள் பெரும்பாலும் சிரமப்படவில்லை. சிரமப்பட்டவர்கள், “நிரப்புகிற வகைதான் மலிவு” என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் தமக்குப் பொருந்தாத கருவியை வாங்கியவர்கள்.

தடை வந்த சில வாரங்களில் அப்படி ஒருவர் என்னிடம் வந்தார். கட்டைவிரலைவிடப் பருமனான, திரவத்தைத் தொட்டியில் நிரப்பும் ஒரு ‘டாங்க்’ கருவியை மேசைமேல் வைத்தார். பக்கத்தில் பாதி காலியான ஒரு குப்பி. அதன் சீட்டில் 3 மி.கி. என்று சிறிய எழுத்தில் இருந்தது. “மேகம் மாதிரி புகை வருது, ஆனா ஒண்ணும் ஏறலை” என்றார். கார்பன் மோனாக்சைடு அளக்கும் கருவியில், பதினைந்து விநாடி மூச்சை அடக்கிப் பிறகு மெல்ல ஊதச் சொன்னேன். 17 என்று காட்டியது. கேட்காமலேயே சட்டைப் பையிலிருந்து சிகரெட் பாக்கெட்டையும் எடுத்து வைத்தார். 20 மி.கி. திரவத்திலிருந்து 3 மி.கி.க்கு ஒரே நாளில் இறக்கிவிட்டு, உடல் சும்மா இருக்கும் என்று எதிர்பார்த்திருக்கிறார். இறுக்கமான இழுவை கொண்ட சிறிய பாட் கருவியும் 20 மி.கி. சால்ட் திரவமும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். காலையில் எழுந்ததும் வரும் தவிப்புக்குத் தோலில் ஒட்டும் நிகோடின் பேட்ச் ஒன்றும் சேர்த்தேன். இரண்டு வாரம் கழித்து அதே கருவியில் ஊதியபோது 2 வந்தது. வேப்பில் எதுவும் எரிவதில்லை, ஆகவே கார்பன் மோனாக்சைடு உண்டாவதில்லை. அந்த எண்ணைக் கண்ணால் பார்த்த பிறகு அவருக்கு நான் வேறு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உங்கள் கருவியையும் திரவத்தின் அளவையும் நீங்கள் எழுதவில்லை. முதலில் அந்தச் சீட்டைப் பாருங்கள்.

இரண்டு மூன்று சிகரெட்டுத்தானே என்று நினைக்காதீர்கள். நாளுக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்குக்கூட, இருபது பிடிப்பவருக்கு வரும் கூடுதல் இதயநோய் ஆபத்தில் ஏறத்தாழப் பாதி உண்டு என்று 2018-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான தொகுப்பாய்வு காட்டியது. இருபதை மூன்றாகக் குறைத்தால் இதயத்துக்கான ஆபத்தும் ஏழில் ஒன்றாகக் குறையும் என்று நாம் போடும் கணக்கு உடலிடம் செல்லாது. வேப்பும் சிகரெட்டுமாக இரண்டையும் வைத்திருப்பவர், வேப்பின் பயனில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறார்.

இனி உங்கள் மனைவி சொல்வதற்கு வருகிறேன். அவர் மட்டும் அப்படி எண்ணவில்லை. புகைப்பழக்கத்துக்கு எதிராக பிரிட்டனில் இயங்கும் ‘ஆஷ்’ அமைப்பு 2024-இல் நடத்திய கணக்கெடுப்பில், புகைப்பவர்களில் பாதிப்பேர் வேப் சிகரெட்டுக்குச் சமமான அல்லது அதைவிட அதிகமான கேடு என்றே நம்பினார்கள். அச்சத்துக்கு ஒரு வரலாறும் உண்டு. 2019-இல் அமெரிக்காவில் வேப் பயன்படுத்தியவர்களின் நுரையீரல் திடீரெனப் பாதிக்கப்பட்டது; 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள் அல்லது இறந்தார்கள், அவர்களில் இறந்தவர்கள் 68 பேர். பெரும்பாலும் கள்ளத்தனமாக விற்கப்பட்ட கஞ்சாச் சத்துத் திரவங்களில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிடேட் என்ற பொருளே அதற்கு முக்கியக் காரணம் என்று பின்னர் தெரிந்தது. பிரிட்டனில் நிகோடின் வேப் திரவத்தில் வைட்டமின் எதையும் கலக்கக் கூடாது என்பது 2016 முதலே விதி. திரவத்தில் என்ன இருக்கலாம், என்ன இருக்கக் கூடாது என்று வகுக்கும் இத்தகைய விதிகள் பயனரை நேராகக் காப்பவை. அவற்றை நான் முழு மனத்தோடு வரவேற்கிறேன். வேப் தீங்கற்றது என்று நான் சொல்லவில்லை. பல பத்தாண்டுகள் பயன்படுத்தியவரின் உடலில் என்ன நேரும் என்பதற்கு இன்னும் முழுமையான விடை இல்லை. புகைக்காதவரும் பிள்ளைகளும் அதைத் தொடவே கூடாது. ஆனால் இருபது ஆண்டுகள் புகைத்த ஒருவருக்கு எதிரில் இருக்கும் தேர்வு தூய காற்றுக்கும் வேப்புக்கும் இடையிலானது மட்டுமன்று. சிகரெட்டும் அந்தத் தேர்வில் இருக்கிறது. சிகரெட்டின் கேட்டில் 5 விழுக்காட்டை வேப்பின் நீண்டகாலக் கேடு தாண்டுவதற்கு வாய்ப்புக் குறைவு என்று இலண்டனில் உள்ள மருத்துவர் அமைப்பான ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2016-இல் மதிப்பிட்டது. அந்த எண்ணைத் துல்லியமான அளவீடாகக் கொள்ள வேண்டாம். எந்தப் பக்கம் பாரம் அதிகம் என்பதற்கு அது போதும்.

புகையை விட வேப் உதவுகிறதா என்பதிலும் சான்று வலுவாகவே உள்ளது. பிரிட்டனில் 886 பேரைக் கொண்டு நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வில், ஆலோசனையோடு வேப் பெற்றவர்களில் 18 விழுக்காட்டினரும், பேட்ச், சூயிங்கம் போன்றவற்றைப் பெற்றவர்களில் 9.9 விழுக்காட்டினரும் ஓராண்டு முடிவில் சிகரெட் இல்லாமல் இருந்தார்கள். அதே ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது. உங்கள் கேள்விக்கு அதுதான் மிக நெருக்கமானது. வேப்பால் சிகரெட்டை விட்டவர்களில் 80 விழுக்காட்டினர் ஓராண்டு கழித்தும் வேப்பைத் தொடர்ந்தார்கள்; மற்றப் பிரிவில் மருந்தைத் தொடர்ந்தவர்கள் 9 விழுக்காடுதான். ஆக, சிகரெட்டை விட்ட பெரும்பாலோர் வேப் கடையின் வாடிக்கையாளராகவே நீடிக்கிறார்கள். விலை, சுவை, கருவி என்று எதைத் தொட்டாலும் சட்டம் முதலில் இவர்கள் மேல்தான் கைவைக்கிறது. பள்ளிப் பிள்ளையைக் காக்க இயற்றப்படும் விதி ஐம்பது வயது முன்னாள் புகைப்பாளரையும் தொடுகிறது என்பதைச் சட்டம் செய்பவர்கள் ஒவ்வொரு முறையும் நினைவில் கொள்ள வேண்டும்.

வரியைப் பார்ப்போம். 2026 அக்டோபர் 1 முதல் வேப் திரவத்துக்கு 10 மி.லி.க்கு 2.20 பவுண்டு தீர்வை. அதன்மேல் 20 விழுக்காடு வாட் (மதிப்புக்கூட்டு வரி) சேர்ந்தால் 2.64 பவுண்டு. பாட் கருவியில் நாளுக்கு 2 மி.லி. செலவழிப்பவருக்கு மாதம் 60 மி.லி.; கூடுதல் செலவு ஏறத்தாழ 16 பவுண்டு. சின்னத் தொகை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இருபது சிகரெட் கொண்ட பாக்கெட் இங்கே பல பிராண்டுகளில் 15 பவுண்டைத் தாண்டிவிட்டது. நாளுக்கு மூன்று சிகரெட் என்றாலே மாதம் 67 பவுண்டு ஆகிறது. புதிய வரியைப் போல் நான்கு மடங்கு. பழையபடி நாளுக்கொரு பாக்கெட் என்றால் 450 பவுண்டு. வேப்புக்கு வரி வருகிற அதே நாளில் 100 சிகரெட்டுக்கு 2.20 பவுண்டு என்று புகையிலைத் தீர்வையும் கூட்டப்படுவதாக அறிவித்திருக்கிறார்கள். வேப்புக்கும் சிகரெட்டுக்கும் இடையிலான விலை இடைவெளி சுருங்கிவிடக் கூடாது என்பதே நோக்கம். அந்த நோக்கம் சரியானது.

வரியின் அமைப்பில் மட்டும் எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. 2024 மார்ச்சில் முதலில் முன்வைக்கப்பட்ட திட்டத்தில், நிகோடின் இல்லாத திரவத்துக்கு 10 மி.லி.க்கு 1 பவுண்டு, குறைவாக உள்ளதற்கு 2, கூடுதலாக உள்ளதற்கு 3 என்று மூன்று படிகள் இருந்தன. அதே ஆண்டு அக்டோபரில் அதைக் கைவிட்டு, நிகோடின் எவ்வளவு இருந்தாலும் ஒரே வீதம் என்று ஆக்கினார்கள். எளிமையானதுதான். ஆனால் நிகோடினைக் குறைத்துக்கொண்டு வருபவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். 20 மி.கி.யிலிருந்து 10-க்கும் 6-க்கும் இறங்கும்போது, உடல் பழைய அளவைத் தேடி அவரை அறியாமலேயே நீளமாகவும் அடிக்கடியும் இழுக்க வைக்கிறது. திரவம் கூடுதலாகச் செலவாகிறது. வரி திரவத்தின் அளவுக்கு என்பதால், குறைக்க முயல்பவரே அதிகம் கட்ட நேரிடும். 100 மி.லி. பெரிய குப்பிகளில் நிகோடின் இல்லாத திரவத்தை வாங்கி அதில் நிகோடினைக் கலந்துகொள்பவர்களுக்கு நிலைமை இன்னும் கடினம். 15 பவுண்டுக்குள் கிடைத்துவந்த ஒரு குப்பிக்குத் தீர்வையும் அதன் வாட்டும் மட்டுமே 26.40 பவுண்டு. ஆகவே நிகோடினைக் குறைக்கும்போது பெரிய கருவிக்கு மாறாதீர்கள். அதே சிறிய பாட் கருவியில் இருந்துகொண்டு, அளவை ஒவ்வொரு படியாக இறக்குங்கள்.

வாங்கி அடுக்குவதைப் பற்றி: சேமித்த திரவம் நாளாக ஆக நிறமும் சுவையும் மாறும், நிகோடினும் வலுக் குறையும், கையருகே நிறைய இருந்தால் நிறையத்தான் போகும். வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் அத்தனை நிகோடின் குப்பிகளை வைத்திருப்பது ஆபத்தும்கூட, விழுங்கினால் அது நஞ்சு. ஒரு மாதத் தேவைக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம். தீர்வை முத்திரை இல்லாத பழைய சரக்கைக் கடைகள் 2027 ஏப்ரல் 1 முதல் விற்க முடியாது. அதன் பிறகு முத்திரையில்லாத குப்பி மலிவாகக் கிடைத்தால் கைவைக்காதீர்கள்.

சுவைகள் பற்றிய செய்தி, 2024 நவம்பரில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் முன்வைக்கப்பட்ட புகையிலை மற்றும் வேப் சட்டமுன்வடிவிலிருந்து வருவது. 2009 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னோ பிறந்தவருக்கு எக்காலத்திலும் புகையிலை விற்கக் கூடாது என்ற பகுதிதான் பரவலாகப் பேசப்பட்டது. வேப்பைப் பொறுத்தவரை, சுவை, உறை, கடையில் காட்சிக்கு வைக்கும் முறை ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை அது அமைச்சர்களுக்கு அளிக்கிறது; எந்தச் சுவை இருக்கும், எது போகும் என்பது தனி விதிகளால் முடிவாகும். மிட்டாய்ப் பெயர்களும் பளபளக்கும் உறைகளும் போகட்டும், இனிப்புகளுக்குப் பக்கத்தில் அடுக்குவதும் நிற்கட்டும். பழச் சுவைகளை மொத்தமாக ஒழிப்பதைப் பற்றி மட்டும் இரண்டு முறை யோசிக்க வேண்டும். வயது வந்தவர்களும் அதிகம் விரும்புவது பழச் சுவையைத்தான். “புகையிலைச் சுவை வந்தால் சிகரெட் ஞாபகம் வந்துவிடுகிறது” என்று என்னிடம் சொன்னவர்கள் பலர். உங்களுக்கான யோசனை எளிமையானது: ஒரே ஒரு பழச் சுவையில் ஒட்டிக்கொண்டிராமல், புதினா அல்லது மென்தால் பாட் ஒன்றை இடையிடையே இப்போதே பயன்படுத்திப் பழகுங்கள். நாளை உங்கள் சுவை தட்டிலிருந்து காணாமல் போனாலும் கை சிகரெட்டைத் தேடாது.

கெடுபிடி மிகுந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவைப் பார்க்கலாம். அங்கே 2021 அக்டோபர் முதல் நிகோடின் வேப்புக்கு மருத்துவச் சீட்டு தேவைப்பட்டது. 2024 ஜனவரியில் ஒருமுறை வேப்புகளின் இறக்குமதி நின்றது. ஜூலை 1 முதல் எல்லா வேப்பும் மருந்தகத்தில் மட்டுமே என்றானது. அக்டோபர் முதல் 18 வயதைக் கடந்தவர் 20 மி.கி. வரையிலானதை மருந்தாளரிடம் பேசிச் சீட்டில்லாமல் வாங்கலாம் என்று சற்றுத் தளர்த்தினார்கள், ஆனாலும் சில மாநிலங்கள் சீட்டைக் கேட்கின்றன. சுவையோ புதினா, மென்தால், புகையிலை மூன்றுதான். மருந்தாளர் ஒருவர் எதிரில் இருந்து ஆலோசனை சொல்லிக் கொடுப்பது, என் தொழில் என்பதால் சொல்லவில்லை, உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. ஆனால் பல மருந்தகங்கள் வேப்பை வைக்கவே விரும்பவில்லை. சிகரெட்டோ தெருமுனைக் கடையில் எந்தக் கேள்வியும் இல்லாமல் கிடைத்தது. அதற்கான வரியும் உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. ஆகவே வேப்பிலும் சிகரெட்டிலும் கள்ளச் சந்தை பெருகியது. மெல்பர்ன் பகுதியில் 2023 முதல் நூற்றுக்கும் மேற்பட்ட கடைகள் தீவைக்கப்பட்டன. கள்ளப் புகையிலை வியாபாரத்தைக் கைப்பற்றக் குற்றக் குழுக்கள் போட்ட சண்டை அது. பாதுகாப்பானதை எட்டாத உயரத்தில் வைத்துவிட்டுக் கேடானதைக் கைக்கெட்டும் தட்டில் விட்டுவைத்தால், புகையை விட நினைப்பவர் எதை எடுப்பார்?

பிரிட்டனில் நிலைமை அவ்வளவு கெடவில்லை என்றாலும் கள்ளச் சரக்கு இங்கேயும் உண்டு. இதில் நம்மவர்களுக்கு நேரடித் தொடர்பு இருக்கிறது. இலண்டனில் தெருமுனைக் கடைகள் பலவற்றை நடத்துவது இலங்கைத் தமிழர்கள்தான். தடைக்குப் பின் ஒருமுறை வேப் விற்றுப் பிடிபட்டால் இங்கிலாந்தில் முதலில் 200 பவுண்டு அபராதம். மறுபடி செய்தால் சிறைவரை போகலாம். உறவினர் கடையில் பின்னால் இருந்து எடுத்துத் தருகிறார் என்பதற்காகப் பழைய கருவியை வாங்காதீர்கள். அவருக்கும் கேடு, உங்களுக்கும் கேடு. சட்டப்படியான பொருளில் பாட் குப்பியின் கொள்ளளவு 2 மி.லி.யையும் நிகோடின் ஒரு மி.லி.க்கு 20 மி.கி.யையும் தாண்டாது, நிகோடின் கடுமையாக அடிமைப்படுத்தும் என்ற எச்சரிக்கை உறையின் முன்னும் பின்னும் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும். ஒரே பாட் குப்பிக்குள் பத்து மி.லி. என்றோ, 50 மி.கி. என்றோ போட்டிருந்தால் அதில் உண்மையில் என்ன இருக்கிறது என்பதை யாரும் சோதித்திருக்க மாட்டார்கள்.

இரண்டையும் ஒரேயடியாக விடலாமா என்ற கேள்விக்கு: சிகரெட் இன்னும் கையில் இருக்கும்போது வேப்பை விடுவது தும்பை விட்டு வாலைப் பிடிக்கும் கதை. முதலில் ஒரு நாள் குறித்து, அந்த நாளிலிருந்து சிகரெட் ஒன்றுகூட இல்லை என்று ஆக்குங்கள். உங்கள் பகுதியின் புகைவிடு சேவையைத் தொடர்புகொண்டால் ஆலோசனை இலவசம். தமிழில் பேச வேண்டுமென்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். இங்கிலாந்தின் தேசிய உதவி எண் 0300 123 1044. வேப்பையே சார்ந்திருக்க வேண்டியதும் இல்லை. 2024 ஜனவரியில் பிரிட்டனில் கிடைக்கத் தொடங்கிய சிட்டிசின் மாத்திரை 25 நாள் மருத்துவம். முதல் நாள்களில் நாளுக்கு ஆறு மாத்திரை, ஐந்தாம் நாளுக்குள் சிகரெட்டை நிறுத்திவிட வேண்டும். 2021-இல் திரும்பப் பெறப்பட்ட வரெனிக்ளின் மாத்திரையும் வேறு தயாரிப்பாளர் வழியாக 2024-இல் மீண்டும் வந்துவிட்டது. இரண்டுக்கும் சீட்டு தேவை, உங்கள் மற்ற நோய்களையும் மருந்துகளையும் கேட்டறிந்தே தருவார்கள். பேட்சோடு சூயிங்கமும் சேர்த்துப் பயன்படுத்துவது, ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிட நன்றாக வேலை செய்யும்.

சிகரெட் இல்லாமல் மூன்று மாதமாவது நிலைத்த பிறகு வேப்பைக் குறைக்கத் தொடங்குங்கள். என்னிடம் வருபவர்களுக்கு நான் சொல்லும் முறை, நிகோடினைத் தொடுவதற்கு முன் இடத்தையும் நேரத்தையும் குறைப்பது. படுக்கையறையில் இல்லை, காரில் இல்லை, காலைத் தேநீருக்கு முன் இல்லை என்று ஒவ்வொன்றாக வேலி போடுங்கள். சிகரெட்டுக்கு ஒரு முடிவு உண்டு, எரிந்து தீர்ந்துவிடும். வேப்புக்கு அது இல்லாததால் கை நாள் முழுவதும் அதிலேயே இருக்கும். அந்த வேலிகள் நின்ற பிறகு 20-லிருந்து 10-க்கு இறங்குங்கள். சில வாரம் கழித்து அடுத்த படி. இறங்கும்போது சிகரெட் ஆசை எழுந்தால் ஒரு படி மேலே ஏறிக்கொள்ளுங்கள், அதில் தோல்வி எதுவும் இல்லை. ஆறு மாதம் ஆனாலும் ஓராண்டு ஆனாலும் சரி.

சென்னைப் பயணத்துக்கு இப்போதே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். இந்தியாவில் 2019 செப்டம்பரில் அவசரச் சட்டமாக வந்து டிசம்பரில் நிலையான சட்டமாகிய மின்சிகரெட் தடைச் சட்டம், தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், சேமிப்பு எல்லாவற்றையும் தடைசெய்கிறது. இறக்குமதிக்கு முதல் முறை ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். உங்கள் சொந்தக் கருவிதானே என்று பெட்டியில் வைக்காதீர்கள், வீட்டிலேயே விட்டுவிடுங்கள். சிங்கப்பூர் வழியாகப் போவதானால் இன்னும் கவனம் வேண்டும். அங்கே வைத்திருப்பதே 2018 முதல் குற்றம், விமானம் மாறும் பயணிக்கும் விலக்கில்லை. சிகரெட்டோ சென்னையில் ஒவ்வொரு பெட்டிக்கடையிலும் ஒற்றை ஒற்றையாகக் கிடைக்கும். கல்யாண வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவி வெளியே வந்ததும், மாமாவோ மச்சானோ பாக்கெட்டை நீட்டுகிற அந்த நிமிடத்துக்குத்தான் நீங்கள் ஆயத்தமாக வேண்டும். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே பேட்ச் போட்டுப் பழகி, தங்கும் நாள்கள் அனைத்துக்கும் போதுமான பேட்சும் சூயிங்கமும் கைப்பையில் எடுத்துச் செல்லுங்கள். சூயிங்கத்தை மிட்டாய் போல மென்று தள்ளாமல், சில முறை மென்று காரம் ஏறியதும் கன்னத்தோரம் ஒதுக்கி வைக்க வேண்டும். காபி குடித்த உடனே போட்டால் சரியாக உறிஞ்சாது, கால் மணி நேரம் விடுங்கள். தீர்ந்துபோனால் 2 மி.கி. நிகோடின் சூயிங்கம் அங்கே மருந்துக் கடைகளில் கிடைக்கும். பேச யாராவது வேண்டுமென்றால் இந்தியாவின் தேசிய உதவி எண் 1800 11 2356, கட்டணம் இல்லை.